எத்தனை கேஸ்? விழித்திரை அறுவைப் பயிற்சி பற்றி ஒரு குறிப்பு

விழித்திரை அறுவை சிகிச்சையில் ஃபெல்லோஷிப் சேரப்போகும் இளம் கண் மருத்துவர்கள், ஒரு மருத்துவமனையைப் பற்றி சீனியர்களிடம் முதலில் விசாரிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: "அங்க எத்தனை கேஸ் கிடைக்கும்?" இரண்டு வருடம் முடித்துவிட்டு வேலை தேடிப் போனால் அதே கேள்வி இறந்தகாலத்தில் வந்து நிற்கும்: "எத்தனை கேஸ் பண்ணியிருக்கீங்க?" இந்தக் கேள்வி கண்புரை அறுவையில் பிறந்தது, அங்கே ஒழுங்காக வேலை செய்தது, பிறகு யாரும் பெரிதாக யோசிக்காமல் விழித்திரைக்குக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள் என்பது என் வாதம். ஒட்டியது சரியாக ஒட்டவில்லை. அதனால் கண்ணை இழக்கக்கூடியவர் அறுவை மேஜையில் படுத்திருப்பவர்.

நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அக்கா மகள் எம்.எஸ். கண் மருத்துவம் முடித்துவிட்டு விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருந்தபோது, "மாமா, நீங்கதான் எதையும் எக்செல்ல போட்டுப் பார்ப்பீங்களே, இதையும் போட்டுக் குடுங்க" என்றாள். ஊர், காலம், உதவித்தொகை, கேஸ் எண்ணிக்கை என்று நான்கு பத்திகள் போட்டேன். முதல் மூன்றில் சிக்கலே இல்லை. நான்காவதில் என்ன எண்ணைப் போடுவது, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தேட ஆரம்பித்துத்தான் இந்தப் பக்கம் வந்து விழுந்தேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்று வருடம் எம்.எஸ். அல்லது டி.என்.பி. படித்தால் கண் மருத்துவர். அந்த மூன்று வருடத்தில் நல்ல இடமாக அமைந்தால் கண்புரை அறுவை கைக்கு வந்துவிடும். விழித்திரை அறுவையை பெரும்பாலானவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள், உதவியிருப்பார்கள், அவ்வளவுதான். அதைக் கற்கத்தான் மேற்கொண்டு ஒன்றரை முதல் இரண்டு வருடம். தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே, பெரிய கண் மருத்துவமனைகள் தாங்களே ஆள் எடுத்து, தாங்களே கற்றுக்கொடுத்து, தாங்களே சான்றிதழ் தரும் ஃபெல்லோஷிப்கள் நிறைய. இதை நம் ஊர்க் குறை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவிலும் விழித்திரை ஃபெல்லோஷிப்பை மேற்பார்க்கிறது, கண் மருத்துவப் பேராசிரியர்கள் சங்கத்தின் ஒரு குழுதான். ரெசிடென்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு இதற்குள் வருவதில்லை.

ஏன் இப்படி என்றால், இந்தக் கலையே குருவின் தோள் வழியாக எட்டிப் பார்த்துப் பரவியது. நூறு வருடம் முன்புவரை விழித்திரை விலகிவிட்டால் அந்தக் கண் போனது போனதுதான். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனான் என்ற மருத்துவர், விலகலுக்குக் காரணம் விழித்திரையில் விழும் கிழிசல், அந்தக் கிழிசலை அடைத்தால் விழித்திரை திரும்ப ஒட்டும் என்று 1920களில் நிறுவினார். பிறகு சார்லஸ் ஷெப்பன்ஸ். பெல்ஜியத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு பாஸ்க் மலைக் கிராமம் ஒன்றில் மர அறுவை ஆலை நடத்துபவராக வேஷம் போட்டு, ஜெர்மானியரிடமிருந்து தப்பியவர்களை எல்லை கடத்தியவர். (அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.) இரண்டு கண்ணாலும் விழித்திரையின் ஓரம் வரை ஆழத்தோடு பார்க்க உதவும், தலையில் மாட்டும் கருவியை உருவாக்கியவரும் இவரே. போருக்குப் பின் பாஸ்டனில் இவர் அமைத்த விழித்திரைப் பிரிவுக்கு உலகம் முழுக்க இருந்து இளம் மருத்துவர்கள் வந்து தங்கிக் கற்றார்கள். இன்று ஃபெல்லோஷிப் என்று நாம் சொல்வதற்கு அதுதான் வேர்.

1960களின் கடைசியில் அப்படிப் போய்க் கற்றவர்களில் ஒருவர் சென்னையின் எஸ்.எஸ்.பத்ரிநாத். திரும்பி வந்து 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். 2023இல் மறைந்தார். அதாவது நுங்கம்பாக்கத்தில் இன்று ஒரு ஃபெல்லோ கற்கும் பாடத்துக்கும் பாஸ்டனுக்கும் இடையே ஒரு தலைமுறைதான். ஷெப்பன்ஸ் கண்ணின் வெளிப்பக்கத்திலிருந்து வேலை செய்தார். கண்ணுக்கு உள்ளேயே போகும் வழியைத் திறந்தவர் மியாமியில் இருந்த ராபர்ட் மாக்கிமர், 1970 வாக்கில். கண்ணை நிரப்பியிருக்கும் ஜெல்லியை வெட்டி உறிஞ்சும் கருவியை அவர் முதலில் முட்டையின் வெள்ளைக்கருவில் சோதித்துப் பார்த்தார் என்பார்கள். அந்த அறுவைதான் விட்ரெக்டமி.

இப்போது என் புகாருக்கு வருகிறேன்.

கண் மருத்துவத்தைப் பற்றி வெளியாட்கள் எழுதியவற்றில் அதிகம் படிக்கப்பட்டது மதுரை அரவிந்த் கதை. 1993இல் கஸ்தூரி ரங்கன் எழுதிய ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பாடம், 2004இல் சி.கே.பிரகலாத் புத்தகத்தில் வந்த அத்தியாயம், 2011இல் பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் எழுதிய 'இன்ஃபினிட் விஷன்'. மூன்றையும் படித்திருக்கிறேன். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. மெக்டொனால்ட்ஸைப் பார்த்து, இதே ஒழுங்கில் கண்புரை அறுவையும் நடக்கலாமே என்று யோசித்தது. ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயார். கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, மற்ற எல்லா வேலையையும் அவர்கள் பார்க்க, டாக்டர் கை அறுவை மட்டும் செய்வது. 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸ் விலையையே தரைக்குக் கொண்டுவந்தது. இதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. மதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் அங்கே பார்வை திரும்பிய ஒரு பாட்டி குடும்பத்தில் இருப்பார்.

ஆனால் இந்த எழுத்தெல்லாம் பெரும்பாலும் கண்புரைக் கதை. கண்புரைக் கதையை கண் மருத்துவக் கதையாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் தூண்களில் ஒருவரான நம்பெருமாள்சாமியே விழித்திரை நிபுணர்தான். ஆனாலும் விழித்திரை அறுவை அரங்கில் என்ன நடக்கிறது, அங்கே ஒருவர் எப்படிக் கற்கிறார் என்பதற்கு இந்த எழுத்துகளில் கண்புரைக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்கும் இல்லை. காரணம் எளிது. அது கதைக்கு ஒத்துவராது. கண்புரை பத்து நிமிடத்தில் முடியும். விட்ரெக்டமி அரை மணியில் முடியலாம், மூன்று மணி நேரமும் இழுக்கலாம், எது என்று உள்ளே போன பிறகுதான் தெரியும். அந்தப் பக்கம் இரண்டாவது மேஜையில் ஆளைத் தயாராகப் படுக்க வைத்தால் அவர் படுத்தே கிடக்க வேண்டியதுதான்!

கண்புரையில் எண்ணிக்கை ஏன் நல்ல அளவுகோல்? ஒரு கேஸ் ஏறக்குறைய இன்னொன்றைப் போல இருக்கும். தப்பு நடந்தால், அதாவது லென்ஸின் பின்னுறை கிழிந்தால், அங்கேயே தெரியும். மறுநாள் கட்டைப் பிரித்தால் பார்வை எப்படி என்று தெரியும். செய், பார், திருத்து, மறுபடி செய். இந்தச் சுழற்சி ஒரு நாளில் முடிகிறது. அதனால்தான் பிரிட்டனில் 265 பயிற்சி மருத்துவர்கள் செய்த 17,831 கண்புரை அறுவைகளை எடுத்துக் கணக்குப் பார்க்க முடிந்தது. ஐசி என்ற சிமுலேட்டர் வந்த பிறகு, பின்னுறை கிழியும் விகிதம் 4.2 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைந்தது என்று அடித்துச் சொல்லவும் முடிந்தது. என் போன்ற ஆட்களுக்கு இப்படி ஒரு ஆய்வைப் படித்தால் மனசு குளிர்ந்துவிடும். ஒரே தோல்வி, ஒரே வரையறை, உடனே பதிவு.

அதே சிமுலேட்டருக்கு விழித்திரைப் பாடமும் இருக்கிறது. ஆட்டுக்கண்ணை வைத்துக் கை பழகுவதும் நம் ஊரில் நடக்கிறது. இரண்டும் நல்லதுதான், விரல் நடுக்கம் குறையும். ஆனால் விழித்திரையில் எதை எண்ணுவது?

ஒரு விழித்திரை விலகலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெல்லியை எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, உள்ளே வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்பி அனுப்புகிறார்கள். மறுநாள் பார்த்தால் விழித்திரை ஒட்டியிருக்கும். ஒட்டாமல் என்ன செய்யும், எண்ணெய் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறதே! உண்மையான விடை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். விழித்திரையின் மேல் தழும்புத் திசு வளர்ந்து சுருங்கி, ஒட்டியதை மறுபடி இழுத்துப் பிரிப்பதுதான் இந்த அறுவையின் பெரிய எதிரி. விலகல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்தில் அது வருகிறது, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். எண்ணெயை எடுத்த பிறகுதான் விலகியது என்றால் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் அந்த ஃபெல்லோ அடுத்த யூனிட்டுக்கு மாறியிருப்பார். ஒருவேளை பயிற்சியே முடிந்து ஊருக்குப் போயிருப்பார். அவர் செய்த கண் மறுபடி விலகி வரும்போது பார்ப்பவர் வேறொருவர். லாக் புக்கில் அது ஏற்கெனவே வெற்றிகரமாக ஒரு கேஸ்.

கேஸ் என்பதே என்ன என்பது அடுத்த சிக்கல். மேக்குலாவில் ஓட்டை விழுந்த கண்ணில் அதன் மேலிருக்கும் ஓர் உறையை உரிக்க வேண்டும். தடிமன் இரண்டு, மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியை ஃபெல்லோ செய்வார். உறை உரிக்கும் இடம் வந்ததும் ஆசிரியர் நாற்காலியில் உட்காருவார். உரித்து முடித்ததும் ஃபெல்லோ திரும்ப வந்து வாயு நிரப்பி முடிப்பார். இப்படித்தான் கற்றுக்கொடுக்க முடியும், வேறு வழி இல்லை. ஆனால் இது யாருடைய கேஸ்? நூறு விட்ரெக்டமி செய்தேன் என்று இரண்டு பேர் சொன்னால், ஒருவர் உறை உரித்தது அறுபது, இன்னொருவர் உரித்தது நான்கு என்று இருக்கலாம். எங்கள் துறையில் ஒரு காலத்தில் எழுதிய வரிகளை எண்ணி ஆளை மதிப்பிட்டார்கள். அதன் விளைவாக வரிகள் அதிகமாயின.

கையைவிடப் பெரிய விஷயம் முடிவெடுப்பது. இங்கே பக்கிள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஷெப்பன்ஸ் காலத்து முறை அது: கண்ணுக்குள்ளே போகாமல், வெள்ளைப் பகுதியின் மேல் ஒரு சிலிக்கான் பட்டையைத் தைத்து, கண் சுவரை உள்பக்கமாக அழுத்தி, கிழிசலை அடைப்பது. கற்பது கஷ்டம். தலையில் மாட்டிய கருவி வழியாகத் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தில் கிழிசலைத் தேடிக் குறிக்க வேண்டும். ஆசிரியர் பார்ப்பது மாணவருக்குத் தெரியாது, மாணவர் பார்ப்பது ஆசிரியருக்குத் தெரியாது. விட்ரெக்டமி அப்படி இல்லை. மைக்ரோஸ்கோப்பில் இருவரும் ஒன்றையே பார்க்கலாம், திரையில் அரங்கமே பார்க்கலாம். 1970களில் 20 கேஜ், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் துளை. 2002இல் 25 கேஜ் வந்து அது அரை மில்லிமீட்டர் ஆனது, தையலே வேண்டாம் என்றானது. கற்றுக்கொடுக்கவும் எளிது, செய்யவும் சொகுசு. உலகம் முழுக்க பக்கிள் குறைந்து விட்ரெக்டமி ஏறியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் 2007இல் ஐரோப்பாவில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு வந்த ஆய்வு என்ன சொன்னது? கண்புரை அறுவை ஆகாத, சொந்த லென்ஸ் உள்ள கண்களில் பக்கிள் செய்தவர்களுக்குப் பார்வை மேலாகத் திரும்பியது. செயற்கை லென்ஸ் வைத்த கண்களில் விட்ரெக்டமிக்குத்தான் விழித்திரை நன்றாக ஒட்டியது. ஆக, கண்ணைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெல்லி இன்னும் இறுக்கமாக ஒட்டியிருக்கும் இருபது வயதுப் பையனுக்கு விழித்திரை விலகினால் பக்கிள்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். பக்கிளே கற்காத ஒரு ஃபெல்லோவுக்கு அது நினைவுக்கு வருமா? வந்தாலும் கை போகுமா? இருநூறு விட்ரெக்டமி, இரண்டு பக்கிள் என்று முடித்தவருக்கும், நூற்றைம்பதும் முப்பதுமாக முடித்தவருக்கும், மொத்த எண்ணிக்கையில் முதலாமவர்தான் மேலே நிற்பார். அந்தப் பையனின் கண்ணுக்கு யார் வேண்டும் என்பது வேறு கணக்கு.

எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து முறை செய்த கையும் இருநூறு முறை செய்த கையும் ஒன்றல்ல. ஃபெல்லோவை ஓ.பி.யில் ஊசி போடவும் லேசர் வைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, அரங்கில் பார்வையாளராக நிறுத்தும் இடங்கள் உண்டு என்று பல இளம் மருத்துவர்கள் குமுறுகிறார்கள். அந்தக் குமுறல் நியாயமானது. எண் என்பது நுழைவுச் சீட்டு மாதிரி, அது இல்லாமல் உள்ளே போக முடியாது. அதையே மதிப்பெண் பட்டியலாக நீட்டுவதுதான் பிரச்சினை.

மறுபக்கம் படுத்திருப்பவரைப் பற்றியும் பேச வேண்டும். என் பெரியப்பாவுக்கு வலது கண்ணில் திரை விழுந்த மாதிரி மறைத்தது. ஒரு பெரிய நகரத்து மருத்துவமனையில் அறுவை, எண்ணெய் நிரப்பி அனுப்பினார்கள். குப்புறப் படுத்தே பத்து நாள் கிடந்தார். ஏழாவது வாரம் மறுபடி விலகியது. "மொதல்ல யாருங்க ஆபரேஷன் பண்ணது?" என்று பெரியம்மா கேட்டதற்கு "எங்க டீம்தாம்மா" என்று பதில். ஒப்புதல் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு வரியில் டீம்தான் இருந்தது. ஃபெல்லோ செய்ததால்தான் விலகியது என்று நான் சொல்லவில்லை. கைதேர்ந்தவர்கள் செய்தாலும் பத்தில் ஒன்று, முதல் அறுவையோடு நிற்பதில்லை. எங்களுக்கு உறுத்தியது, அந்த ஏழாவது வார விலகல் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை என்பதுதான். செய்தவருக்கே அது தெரிந்திருக்குமா?

போதனா மருத்துவமனைகளில் இலவசப் பிரிவுக் கண்களில்தான் கற்கும் கைகள் அதிகம் படும் என்பது உலகெங்கும் பழைய நடைமுறை. இளம் மருத்துவர் செய்யாமல் அடுத்த சர்ஜன் உருவாக முடியாது, அதுவும் தெரிந்ததுதான். ஒரு கண் கற்றுக்கொள்ளப் பயன்பட்டது என்றால், அது பிறகு என்ன ஆனது என்று கற்றவருக்குத் தெரிவிக்கும் கடமையாவது அந்தக் கண்ணின் சொந்தக்காரருக்கு நாம் பட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

இந்தக் கவலைக்கு இப்போது அவசரம் கூடிவிட்டது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் 4 சதவீதம் பேருக்குப் பார்வையைப் பறிக்கும் அளவில் விழித்திரை பாதிப்பு இருக்கிறது என்று 2022இல் வந்த வேறோர் ஆய்வு. இரண்டும் வேறு வேறு வயதுக் கூட்டம், அப்படியே பெருக்கினால் தப்பாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் பல லட்சம் பேர். இவர்களைக் கண்டுபிடிக்க கூகுள் எழுதிய நிரல் 2016இல் ஜாமா இதழில் வந்தது. அதைப் பழக்கிய 1,28,175 விழித்திரைப் படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் அடக்கம். எங்கள் துறையில் அதை ஆஹா ஓஹோ என்றார்கள். கண்டுபிடிப்பது வேகமாகும். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பலருக்கு லேசரும் ஊசியும் போதும், சீக்கிரம் பிடித்தால் அறுவையே வேண்டாம். ஏற்கெனவே ரத்தம் கசிந்து, தழும்பு இழுத்து வருபவர்களுக்கு விட்ரெக்டமிதான். சர்க்கரை நோயில் இழுத்துப் பிரிந்த விழித்திரை, இந்தத் துறையின் கடினமான அறுவைகளில் ஒன்று. மாவட்டத் தலைநகரில் தனியாக உட்காரப் போகும் ஒருவர், பின்னால் நாற்காலி மாற ஆசிரியர் இல்லாத அந்த முதல் கேஸை எடுக்கலாமா, மேலே அனுப்பலாமா என்று எப்படி முடிவெடுப்பார்? தன் கையில் இதற்கு முன் இப்படிப்பட்ட கண்கள் மூன்றாம் மாதம் என்ன ஆயின என்று தெரிந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் நெஞ்சுத் துணிவுதான்.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. பிரிட்டன், அயர்லாந்து விழித்திரை சர்ஜன்கள் சங்கம் விலகல் அறுவைகளின் முடிவுகளைப் பதிவு செய்ய ஒரு பொதுத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. நம் பெரிய மருத்துவமனைகளில் எல்லாம் மின்னணுப் பதிவேடு வந்துவிட்டது. நோயாளி எண், அறுவைத் தேதி, எந்தக் கட்டத்தை யார் செய்தார், மூன்றாம் மாதம் ஒட்டியிருக்கிறதா இல்லையா. இந்த நான்கையும் இணைக்கும் நிரலை ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். எழுத முடியாதது, மூன்றாம் மாதம் வராமலே போன நோயாளியை. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துபோக ஒரு நாள் கூலியும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். கண் தெரிகிறது என்றால் எதற்கு வருவார், தெரியவில்லை என்றாலும் எதற்கு வருவார்?

இங்கேதான் அந்த மேலாண்மைப் புத்தகங்கள் புகழ்ந்த அதே அமைப்பு கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. அரவிந்த் சிறு ஊர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதித்து, மருத்துவமனையில் இருக்கும் டாக்டரோடு கணினி வழியாகப் பேசுகிறார். அதே மையத்தில் மூன்றாம் மாதம் பார்வை அளந்து, விழித்திரையை ஒரு படம் எடுத்தால் போதும். ஓரம் முழுக்கத் தெரியாது. நடுப்பகுதி ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும், சந்தேகம் என்றால் மட்டும் மதுரைக்கு வரச் சொல்லலாம். அந்தப் படத்தின் நகல் ஒன்று, அப்போது எந்த யூனிட்டில் இருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், அந்தக் கண்ணைச் செய்த ஃபெல்லோவின் பெயருக்குப் போக வேண்டும்.